தலைகீழாக நிற்க மறுத்த படகு: கான்டெஸா 32

1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள கௌஸ் துறையிலிருந்து 303 பாய்மரப் படகுகள் ஃபாஸ்ட்நெட் பந்தயத்துக்குப் புறப்பட்டன. அயர்லாந்தின் தென்மேற்கே கடலில் நிற்கும் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிக்கொண்டு பிளிமத் துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மொத்தம் 605 கடல் மைல். 13ஆம் தேதி இரவு, பெரும்பாலான படகுகள் திறந்த கடலில் இருந்தபோது புயல் தாக்கியது. பந்தயத்தில் சென்றவர்களில் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளை அவற்றின் ஆட்களே கைவிட நேர்ந்தது. அவற்றில் ஐந்து மூழ்கிப்போயின. பந்தயத்தை முடித்தவை 85.

இந்த 85 என்ற எண்ணைப் பிரிவு வாரியாகப் பிரித்துப் பார்த்தால்தான் அந்த இரவின் கொடுமை புரியும். ஆகப் பெரிய படகுகளின் பிரிவில் 14 புறப்பட்டு 13 முடித்தன. மூன்றாம் பிரிவில் 64க்கு 6. நான்காம் பிரிவில் 58க்கு 6. ஆகச் சிறிய படகுகளின் ஐந்தாம் பிரிவில் 58 புறப்பட்டு ஒன்றே ஒன்று முடித்தது.

அந்த ஒன்றின் பெயர் அஸென்ட். வில்லி கெர் என்பவருக்குச் சொந்தமான படகு அது. அன்று அதை நடத்திச் சென்றவர் அவருடைய மகன் ஆலன் கெர். படகின் மாதிரி கான்டெஸா 32. அப்போது அது சந்தைக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு படகு கரை சேர்ந்ததை மட்டும் வைத்து அதன் வடிவமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆட்களின் தேர்ச்சி, அலை எந்த இடத்தில் எந்த நொடியில் உடைந்தது என்பது, எல்லாமே அதில் சேரும். ஆனால் அந்தப் பந்தயத்துக்குப் பிறகு நடந்த விசாரணை கான்டெஸா 32இன் நிலைத்தன்மையைக் கணக்கிட்டுப் பார்த்தது. வந்த எண்கள் இந்தப் படகை வரைந்த மேசைக்கே நம்மைத் திரும்ப அழைத்துச் செல்கின்றன. அதனால் கதையை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வாடிக்கையாளர் வரைந்த படகு

ஜெரமி ராஜர்ஸ் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் லிமிங்டன் என்னும் சிறிய துறையூரில் மரப்படகு கட்டியவர். அவரிடம் படகு வாங்கியவர்களில் ஒருவர் டேவிட் சாட்லர். ஸ்காண்டிநேவியாவில் 1940களில் பிறந்த 'ஃபோக்போட்' என்ற சிறிய மரப்படகு இருவருக்குமே பிடித்தது. ஒடுங்கிய உடல், நீளமான ஏரா (படகின் அடியில் நீருக்குள் இறங்கும் தண்டு), தாழ்ந்த விளிம்பு. வடகடலின் அலைகளுக்கென்றே செதுக்கிய உருவம். அதை அடிப்படையாக வைத்து சாட்லர் வரைந்து, ராஜர்ஸ் ஃபைபரில் வார்த்தது கான்டெஸா 26. 1960களின் நடுவில் வந்த அந்தப் படகு நன்றாக விற்றது. பின்னாளில் டானியா ஏபி என்ற அமெரிக்கப் பெண், 18 வயதில் புறப்பட்டுத் தனியாக உலகைச் சுற்றியது ஒரு கான்டெஸா 26இல்தான்.

அடுத்து என்ன என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. வாங்கியவர்களுக்குக் குடும்பம் பெருகியது. படுக்க, சமைக்க, நிமிர்ந்து நிற்க இடம் வேண்டும். வார இறுதியில் பந்தயமும் ஓட வேண்டும், கோடை விடுமுறையில் பிரான்ஸ் கரைக்கும் போக வேண்டும். இந்த இரட்டைத் தேவைக்கு வார்க்கும் படகைத்தான் 'க்ரூஸர் ரேஸர்' என்பார்கள். சாட்லர் மீண்டும் வரைந்தார். 1971இல் கான்டெஸா 32 வந்தது. அடுத்த ஆண்டு லண்டன் படகுக் கண்காட்சியில் அந்த ஆண்டின் சிறந்த படகாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். நீளம் 32 அடி, அதாவது 9.75 மீட்டர். நீர்மட்டத்தில் நீளம் 24 அடி. அகலம் 9 அடி 6 அங்குலம். நீருக்குள் இறங்கும் ஆழம் 5 அடி 6 அங்குலம். மொத்த எடை சுமார் 4,300 கிலோ. அதில் ஏராவுக்குள் அடைத்த அடிப்பாரம் மட்டும் சுமார் 2,040 கிலோ. படகின் எடையில் கிட்டத்தட்ட பாதி, துல்லியமாகச் சொன்னால் 47 விழுக்காடு, நீருக்கு அடியில் ஆழத்தில் தொங்குகிறது.

நீளத்தில் எட்டு அடி நீர்மட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். இன்று வரும் 32 அடிப் படகுகளில் முன்முனை கத்தி வெட்டியதுபோல நேராக இறங்கும்; நீளம் முழுவதும் நீரில் கிடக்கும். கான்டெஸாவின் முனைகள் முன்னும் பின்னும் நீண்டு வளைந்து எழுகின்றன. படகு காற்றில் சாயும்போது அந்த முனைகள் நீரைத் தொட்டு நீர்மட்ட நீளம் கூடுகிறது. வேகமும் சற்றுக் கூடுகிறது. கண்ணுக்கு அழகான இந்தக் கோடு வேலையும் செய்கிறது.

ஏராவில் சாட்லர் ஒரு நடுவழியைப் பிடித்தார். ஃபோக்போட் போல முன்னிருந்து பின்வரை ஓடும் முழு ஏரா இதில் இல்லை. நடுவில் மட்டும் நீண்ட துடுப்பு போல ஓர் ஏரா. பின்னால் தனியாகச் சுக்கான். ஆனால் சுக்கானை அவர் நீருக்குள் அம்போ என்று விடவில்லை. அதற்கு முன்னால் உடலோடு சேர்ந்த ஒரு தடித்த முட்டுக்கொடுத்து, அதன் மேல் கீல்போட்டு மாட்டினார். முட்டு இல்லாத சுக்கான் கைக்கு இலகுவாகத் திரும்பும்; வேகமும் கிடைக்கும். ஆனால் 1979இன் அந்த இரவில் பல படகுகளின் சுக்கான்கள் ஒடிந்தன; கார்பன் நாரில் புதிதாகச் செய்தவையும் அவற்றில் அடக்கம்.

விதி புத்தகம் இழுத்த திசை

சாட்லர் வரைந்த அதே காலத்தில் பந்தய உலகம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1970ஐ ஒட்டி 'ஐஓஆர்' என்ற சர்வதேச விதி நடைமுறைக்கு வந்தது. வெவ்வேறு அளவுப் படகுகள் ஒன்றாக ஓடும்போது எந்தப் படகுக்கு எவ்வளவு நேரச் சலுகை என்பதைப் படகை அளந்து முடிவு செய்யும் விதி அது. நல்ல நோக்கம்தான். ஆனால் எந்த விதியை எழுதினாலும் அதன் இடுக்கில் நுழைந்து பார்க்கும் வடிவமைப்பாளர்கள் இருப்பார்கள். எளிதில் சாயும் படகுக்கு இந்த விதி சலுகை தந்தது. எனவே அடிப்பாரத்தைக் குறைத்தார்கள். இருப்பதையும் ஏராவிலிருந்து மேலே படகுக்குள் தூக்கி வைத்தார்கள். இழந்த நிமிர்வை ஈடுகட்ட அகலத்தைக் கூட்டினார்கள். விளிம்போரமாக ஆட்களை உட்கார வைத்துச் சமன் செய்தார்கள்.

இதன் விளைவை விளக்கத் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பொம்மையின் அடியில் கனம் இருக்கிறது. உடல் உருண்டு இருக்கிறது. எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். இப்போது ஓர் அகலப் பலகையை எடுத்து நீரில் போடுங்கள். அதைச் சாய்ப்பது கடினம். பொம்மையைவிட உறுதியாகத் தோன்றும். ஆனால் ஒருமுறை புரட்டிவிட்டால் மறுபக்கமும் அதே உறுதியோடு மிதக்கும். பலகைக்கு மேல் எது கீழ் எது என்ற கவலை கிடையாது.

அகலத்தால் நிமிர்ந்து நிற்கும் படகு பலகையின் உறவு. பாரத்தால் நிமிர்ந்து நிற்கும் படகு பொம்மையின் உறவு. எல்லாப் படகும் இரண்டும் கலந்ததுதான். எது எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம்.

அச்சுக்குள் ஒரு படகு

வடிவம் காகிதத்தில் இருந்து என்ன பயன், அதை நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரி கட்ட முடிய வேண்டும். இங்கேதான் ஃபைபர் எல்லாவற்றையும் மாற்றியது.

நாகப்பட்டினம் பக்கத்தில் மீன்பிடி ஃபைபர் படகு கட்டும் கொட்டகை ஒன்றில் நான் ஒரு பகல் முழுக்க நின்று பார்த்திருக்கிறேன். லிமிங்டனில் 1970களில் நடந்த வேலையின் அடிப்படையும் அதுதான். முதலில் படகின் உருவத்தை அப்படியே மரத்தில் செய்து, அதன் மேல் அச்சு எடுக்கிறார்கள். அச்சின் உட்புறத்தைக் கண்ணாடி போலத் தேய்த்து மெழுகு பூசுகிறார்கள். மெழுகின் மேல் ஜெல்கோட். அரை மில்லிமீட்டர் கனத்தில் இருக்கும் அந்த நிறப்பூச்சுதான் நாளை படகின் பளபளப்பான வெளித்தோல். வெளித்தோல் முதலில், உட்சுவர் கடைசியில் என்று வேலை தலைகீழாக நடக்கிறது.

பிறகு கண்ணாடி நார். மேட் என்று சொல்லும் அந்த நார்விரிப்பு வெள்ளை வெளேரென்று பஞ்சுபோல இருக்கும். அதை அச்சில் விரித்து, ஹார்ட்னர் என்ற இறுக்கி கலந்த ரெசினை, அதாவது இறுகிக் கெட்டியாகும் பிசினை, தூரிகையால் ஊட்டுவார்கள். ரெசின் ஊற ஊற வெள்ளை மறையும். நார் கண்ணாடியாகி அடியிலுள்ள நிறம் தெரியத் தொடங்கும். எங்கே இன்னும் வெள்ளையாக இருக்கிறதோ அங்கே நார் பட்டினி கிடக்கிறது என்று பொருள். கொட்டகையில் ஒருவர் வரிவரியான இரும்பு உருளையை உருட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நின்று குனிந்தார். கடுகளவு காற்றுக்குமிழி. அதை உருளையால் ஓரத்துக்குத் தள்ளி, வெளியேற்றிய பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைத்தார். அவர் கையிலிருந்த வாளி அதற்குள் சுடத் தொடங்கியிருந்தது. கலந்த ரெசின் இறுகும்போது சூடாகும். எங்கள் வெயிலில் ஹார்ட்னரைக் குறைப்பார்கள். இங்கிலாந்தின் குளிர்காலத்தில் கொட்டகையைச் சூடாக்காமல் வேலையே நடக்காது. ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் நெடி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வீட்டுக்குப் போன பிறகும் சட்டையை விட்டுப் போகாது.

மேட் மேல் மேட், இடையில் நெய்த நார்த்துணி என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். கனம் எவ்வளவு என்பது அந்தக் கால வடிவமைப்பாளர்களுக்கு ஒரு கேள்விக்குறிதான். மரத்தின் குணம் தலைமுறைகளாகத் தெரியும். ஃபைபர் இருபது ஆண்டுகள் கடலில் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல அன்று யாரிடமும் இருபது வயதுப் படகுகள் அதிகம் இல்லை. எனவே கனமாக வார்த்தார்கள். அந்தத் தலைமுறை ஃபைபர் படகுகள் ஐம்பது ஆண்டு கடந்தும் மிதப்பதற்கு அந்தக் கூடுதல் கனம் ஒரு காரணம் என்பது என் கருத்து.

கான்டெஸா 32இன் ஏரா தனியாக வார்த்துப் போல்ட் போட்டு மாட்டியது இல்லை. உடலின் அச்சிலேயே ஏராவும் ஒரு பை போல இறங்குகிறது. அந்தப் பைக்குள் அடிப்பாரத்தை இறக்கி, மேலே ஃபைபர் போட்டு மூடிவிடுகிறார்கள். நன்மை கண்கூடு: போல்ட் துருப்பிடிக்காது, நடுக்கடலில் ஏரா கழன்று விழும் அச்சம் இல்லை. விலையும் உண்டு. பாறையில் மோதி ஏராவின் தோல் கிழிந்தால் கடல்நீர் பாரத்துக்கும் தோலுக்கும் இடையே புகுந்துகொள்ளும். அதைக் கண்டுபிடித்து உலர்த்தி அடைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

அந்தக் காலத்து ஃபைபர் படகுகளைத் தாக்கிய இன்னொரு நோய் ஆஸ்மோசிஸ். ஜெல்கோட் வழியாக நீர் மிக மெதுவாக ஊறி, உள்ளே சரியாக இறுகாத ரெசின் எச்சங்களோடு சேர்ந்து, நீருக்கடியில் உள்ள உடலில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஒன்றைக் குத்தினால் காடி நெடியோடு ஒரு திரவம் வழியும். பின்னாளில் ரெசின் வகையை மாற்றித்தான் இதைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். கொப்புளம் வந்ததால் படகு உடைந்துவிடாது. ஆனால் பழைய படகு வாங்குகிறவர் முதலில் பார்க்கும் இடம் அதுதான்.

உற்பத்தியைக் காகிதக் கணக்கும் தீர்மானித்தது. ரெசின் பெட்ரோலியத்தின் பிள்ளை; 1973இன் எண்ணெய் நெருக்கடி அதன் விலையை ஏற்றியது. 1975இல் பிரிட்டன் உல்லாசப் படகுகள் மீது 25 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி விதித்தது. மறு ஆண்டு பாதியாகக் குறைத்தது. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு கான்டெஸா 32 தொடர்ந்து வார்க்கப்பட்டது. கனடாவில் ஜே. ஜே. டெய்லர் நிறுவனமும் உரிமம் பெற்றுக் கட்டியது. மொத்தம் 700 அளவில் கட்டப்பட்ட இந்தப் படகு தன் அளவில் பெரும் வெற்றி.

155க்கும் 117க்கும் இடையில்

அந்த இரவுக்குத் திரும்புகிறேன். விசாரணைக்குப் பதில் எழுதிய படகுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பாய்மரம் நீருக்குக் கீழே போகுமளவுக்குப் புரண்டதாகச் சொன்னது. சில முழுதாகச் சுற்றி எழுந்தன. சில தலைகீழாகக் கவிழ்ந்து, நிமிராமல் அப்படியே கிடந்தன. உள்ளே இருப்பவர்களுக்கு அந்த இருட்டும் புகும் நீரும் எப்படி இருந்திருக்கும் என்பதை நினைத்தாலே மனம் கனக்கிறது.

படகு ஏன் தலைகீழாகக் கிடந்தது? இதற்குப் பதில் தேடித்தான் இரண்டு படகுகளின் நிலைத்தன்மை வளைகோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்று கான்டெஸா 32. மற்றொன்று அந்தப் பந்தயத்தில் உயிரிழப்பைச் சந்தித்த கிரிமால்கின் என்ற 30 அடிப் பந்தயப் படகு, ஐஓஆர் காலத்து அகல வடிவம்.

ஒரு படகை மெல்லச் சாய்த்துக்கொண்டே போனால் ஒரு கோணம் வரை அது நிமிரப் பார்க்கும். அந்தக் கோணத்தைத் தாண்டினால் கவிழப் பார்க்கும். கிரிமால்கினுக்கு அந்த எல்லை சுமார் 117 பாகை. கான்டெஸா 32க்கு ஏறத்தாழ 155 பாகை.

தலைகீழ் என்பது 180 பாகை. 117 பாகை எல்லை உள்ள படகு கவிழ்ந்தால், அது மீண்டும் நிமிரத் தொடங்க 63 பாகை உருள வேண்டும். அதற்கு இன்னொரு பெரிய அலை வந்து சரியான பக்கத்தில் அடிக்க வேண்டும். 155 பாகை எல்லை உள்ள படகுக்கு 25 பாகை போதும். புயல் கடலில் எந்த அலையும் அந்த அளவுக்கு அசைத்துவிடும். இரண்டு டன் பாரம் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டிய நேரத்தை இந்தக் கழித்தல் கணக்கு தீர்மானிக்கிறது.

இன்னொரு சோதனை இதைவிட எளிது. அந்தப் பந்தயத்துக்குப் பிறகு அமெரிக்காவில் உருவாக்கிய சூத்திரம்: படகின் அகலத்தை அடியில் எடுத்து, அது வெளியேற்றும் நீரின் கன அடியின் முப்படி மூலத்தால் வகுக்க வேண்டும். விடை 2க்குக் கீழே இருந்தால் திறந்த கடலுக்கு ஏற்றது. கான்டெஸா 32க்கு நானே போட்டுப் பார்த்தேன், 1.79 வந்தது.

இதனால் கான்டெஸா கவிழவே கவிழாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மாதிரிப் படகுகளை வைத்துச் செய்த சோதனைகளில், படகின் நீளத்தில் 60 விழுக்காடு உயரமுள்ள உடையும் அலை பக்கவாட்டில் தாக்கினால் எந்த வடிவமும் புரண்டது. 32 அடிப் படகுக்கு அது 19 அடி அலை. அந்த இரவில் அதைவிடப் பெரியவை இருந்தன.

வடிவத்தைத் தாண்டி விசாரணை பிடித்த ஒரு சின்னப் பொருள் என் மனதில் நின்றுவிட்டது. அறைக்குள் இறங்கும் வாசலை மூடும் பலகைகள். சட்டத்தில் மேலிருந்து செருகும் சாதாரண மரப்பலகைகள் அவை. படகு புரண்டபோது பலவற்றில் அவை நழுவி விழுந்தன; அந்தத் திறந்த வாசல் வழியாகக் கடல் உள்ளே வந்தது. பலகையைக் கயிறு போட்டுக் கட்டி வையுங்கள், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பூட்ட வசதி செய்யுங்கள் என்றது அறிக்கை.

அதே பட்டறையின் இன்னொரு படகு

ராஜர்ஸ் பழைமையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றவர் என்று நினைத்தால் தவறு. பந்தயத்தின் புதுப் போக்கில் அவர் முன்வரிசையில் இருந்தார். 1974இல், அமெரிக்க வடிவமைப்பாளர் டக் பீட்டர்சன் வரைந்த கம்பூட்ஸ் என்ற படகில் ஒன் டன் கோப்பை என்ற சர்வதேசப் பாய்மரப் பந்தயத்தை வென்றவர் ராஜர்ஸ். பீட்டர்சன் வரைந்து அவருடைய பட்டறை வார்த்த ஓஓடி 34 என்ற அகலமான படகுகளும் 1979 பந்தயத்தில் ஓடின. கான்டெஸா 32ஐ உருட்டிய அதே கொட்டகை, அதே ரெசின், ஒருவேளை அதே கைகள். பொருள் ஒன்று, வடிவம் வேறு. 58இல் ஒன்று என்ற எண்ணுக்குப் பின்னால் ஃபைபரின் பலத்தைவிட வடிவக் கோட்டின் பங்குதான் பெரிது என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

கான்டெஸா 32 வாங்கியவர்கள் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். தாழ்ந்த விளிம்பு என்பதால் எதிர்க்காற்றில் போகும்போது மேல்தளம் நனைந்துகொண்டே இருக்கும். ஒடுங்கிய அகலம் என்பதால் உள்ளே இடம் குறைவு. இன்றைய 32 அடிப் படகில் ஏறியவருக்கு இதன் அறை ஒரு ரயில் பெட்டியின் படுக்கைத் தட்டு போலத் தோன்றும். துறைமுகத்தில் கட்டி வைத்து வாழ நினைப்பவருக்கு இது தோதில்லை. சந்தை அகலத்தை விரும்பியது, இன்றும் விரும்புகிறது.

1980களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்தபோது ராஜர்ஸின் நிறுவனமும் கடனில் விழுந்து கைமாறியது. புயலைத் தாங்கிய படகை வட்டி விகிதம் கவிழ்த்தது என்று எண்ணும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. 1990களின் நடுவில் ராஜர்ஸ் குடும்பம் லிமிங்டனில் மீண்டும் கான்டெஸா 32 கட்டத் தொடங்கியது. இம்முறை கேட்பவருக்கு மட்டும், ஒவ்வொன்றாக.

இதற்கிடையே கடல் தன் பங்குக்குச் சோதித்துக்கொண்டே இருந்தது. 1984இல் ஜான் கிரெட்ச்மர், ஜிஜி என்ற கான்டெஸா 32இல் நியூயார்க்கிலிருந்து தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னைச் சுற்றி சான் பிரான்சிஸ்கோ போனார். கிழக்கிலிருந்து மேற்காக, அதாவது அங்கே மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு நேர் எதிராக. வில்லி கெர் அதே அஸென்ட்டை எடுத்துக்கொண்டு ஐஸ்லாந்து, கிரீன்லாந்து என்று வடக்கே பனிக்கடலுக்கும் தெற்கே அண்டார்க்டிகா பக்கமும் போய் வந்தார்.

இன்று பெருங்கடலுக்கு ஏற்றது என்று ஒரு படகுக்கு ஐரோப்பாவில் 'ஏ' பிரிவு முத்திரை வேண்டுமானால் ஐஎஸ்ஓ 12217 என்ற சர்வதேசத் தரம் ஒரு கணக்குக் கேட்கிறது. 130இலிருந்து, படகின் எடையைக் கிலோவில் எடுத்து 0.002ஆல் பெருக்கி வருவதைக் கழிக்க வேண்டும்; நிமிரும் எல்லைக் கோணம் அந்த விடைக்குக் குறையக் கூடாது. 4,300 கிலோ படகுக்கு அது 121 பாகை. கிரிமால்கினின் 117 பாகை அந்த எல்லையையே தொடவில்லை. அந்த எடையில் கேட்கப்படுவதைவிடச் சாட்லரின் கோடு 34 பாகை கூடுதலாகத் தந்திருக்கிறது.

பழைய கான்டெஸா 32 படகுகள் இப்போதும் லிமிங்டன் பட்டறைக்குத் திரும்பி வருகின்றன. உள்ளே இருக்கும் மரவேலை, இயந்திரம், கம்பிகள், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் கழற்றி வெறும் கூடாக்குகிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் உருளையால் குமிழி தள்ளிய அந்தச் சுவரைச் சுத்தியால் மெல்லத் தட்டிக் கேட்டுக்கொண்டே வருகிறார்கள். ஒலி கெட்டியாக வரும் இடத்தில் கை வைக்காமல் அடுத்த இடத்துக்கு நகர்கிறார்கள்.